பதினேழாவது கேள்வி

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மின்வணிகத்தை ஆய்வுத் தலைப்பாக எடுத்திருக்கும் வணிகவியல் துறை நெறியாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும்,



நான் வெளியாள் இல்லை. 31 வருடம் வணிகவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். என் கையெழுத்தில் எட்டுப் பேர் முனைவர் ஆகியிருக்கிறார்கள். அந்த எட்டு ஆய்வேடுகளில் மூன்று, 'இணையவழிக் கொள்முதலில் நுகர்வோர் மனநிறைவு' என்ற ஒரே சட்டையை மூன்று மாவட்டங்களுக்கு அளவெடுக்காமல் தைத்துப் போட்டவை. ஆகவே கீழே நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி என்னுடையவை. மீதியை நீங்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

போன மாசியில் இளம்பிள்ளையில் என் தங்கை மகள் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். சேலத்துக்குப் பக்கத்து ஊர், சேலைக்குப் பேர்போனது. ஒரு காலத்தில் மூட்டை கட்டி லாரி ஏற்றிய ஊர். இப்போது கடைக்குக் கடை ஒரு பெண் செல்போனுக்கு முன்னால் நின்று முந்தானையை விரித்துக் காட்டி, "சிங்கிள் பீஸ்கூட கொரியர் பண்ணித் தருவோம்ங்க, ஓப்பனிங் வீடியோ மட்டும் கண்டிப்பா வேணும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். என் தங்கை மகளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. வாட்ஸப் குழுவில் பாதி வியாபாரம், ஒரு பெரிய விற்பனைத் தளத்தில் பாதி. வீட்டு முன்னறைதான் கடை. ஒரு எடை மெஷின், லேபிள் அடிக்கும் தெர்மல் பிரிண்டர், பார்சல் உறை ஒரு கட்டு, சுவரோரம் திரும்பி வந்த பார்சல்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பையன் வந்தான். ஆய்வு மாணவன். கையில் கேள்வித்தாள், 42 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம். 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை. நான் யாரென்று சொல்லிக்கொள்ளவில்லை; மூலையில் சேரைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையிலிருந்த டேப்பை வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வரிசையாக டிக் அடித்துக்கொண்டே போனாள். பதினேழாவது கேள்வியில் பேனா நின்றது. 'இணையவழி விற்பனை என் நிகர வருமானத்தை உயர்த்தியுள்ளது.'

"இது கணக்குப் பாத்தாத்தான் தெரியும்ங்க தம்பி."

"சும்மா தோணுறதைப் போடுங்கக்கா."

அவள் அதை அப்படியே விட்டுவிட்டுப் பதினெட்டுக்குப் போனாள். முடிந்ததும் ஆதாரத்துக்கு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான், மோர் குடித்தான், கிளம்பினான். சுவரோரம் பதினோரு பார்சல் சரிந்து நடைபாதைவரை கிடந்தது. அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தான், தாண்டித்தான் வெளியே போனான். என்ன இது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, கேட்கச் சொல்லி யாரும் அனுப்பவில்லை. அவனுடைய நெறியாளரை உருவாக்கியவன் நானாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை.

"இத்தனை கேட்டாங்களே மாமா, ரிட்டர்னைப் பத்தி ஒண்ணுமே கேக்கலீங்களே" என்றாள்.

அன்று மத்தியானம் நானும் அவளுமாக அந்தப் பதினொன்றையும் எடுத்து வரிசை வைத்தோம். நான்கு, தளத்தின் வழியாகப் போய், பிரித்துப் பார்த்துத் திருப்பப்பட்டவை. ஏழு 'ஆர்.டி.ஓ.' என்று தொழிலில் எல்லாரும் சொல்கிற வகை: வாசல்வரை போய், வாங்கப்படாமல், அனுப்பியவருக்கே திரும்பியவை. ஏழும் வாட்ஸப் ஆர்டர்கள், ஏழும் கேஷ் ஆன் டெலிவரி. கொரியரின் அறிக்கையில் ஏழுக்கும் ஒரே காரணம்: வாடிக்கையாளர் மறுத்துவிட்டார்.

அவளுக்கு ஒரு நல்ல பழக்கம். ஆர்.டி.ஓ. ஆனால் திட்டாமல் போன் போட்டுக் கேட்பாள். கேட்டதை நோட்டில் எழுதியும் வைத்திருந்தாள். ஒருவருக்குச் சம்பளம் வர இன்னும் இரண்டு நாள், கையில் காசில்லை. இரண்டு பேர் வீட்டுக்கு டெலிவரிக்காரர் வரவேயில்லை, வந்ததாகப் பதிவு மட்டும் ஆகியிருக்கிறது. ஒரு வீட்டில் ஆர்டர் போட்ட மருமகள் வேலைக்குப் போயிருக்க, மாமனார் "எங்க வீட்ல யாரும் எதுவும் போடல" என்று திருப்பியனுப்பிவிட்டார். ஒருவர் அதே சேலையை உள்ளூர்க் கடையில் விலை குறைவாகப் பார்த்துவிட்டார். ஒருவருக்கு ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தது; எட்டாம் நாள் கல்யாணம் முடிந்துவிட்டது. ஒருவர் போனே எடுக்கவில்லை.

'மறுத்துவிட்டார்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் கைக்காசுத் தட்டுப்பாடு, கொரியரின் பொய்ப்பதிவு, வீட்டுக்குள் யார் பேச்சு செல்லும் என்ற அதிகாரம், உள்ளூர் விலை, காலம் கடந்த கல்யாணம் எல்லாம் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. இத்தனையும் ஒரு முன்னறையில், ஒரு நோட்டில், தங்கை மகளின் கோணல் எழுத்தில் கிடந்தது. என் எட்டு ஆய்வேடுகளில் எதிலும் இவ்வளவு விஷயம் இல்லை.

இதில் புதிதாக ஒன்றும் இல்லை என்பது இன்னொரு கூத்து. நம் நாட்டு அஞ்சல் துறை வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது 1877இல். பொருள் வீட்டுக்கு வரும், பணத்தைத் தபால்காரரிடம் கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். இன்றைய கேஷ் ஆன் டெலிவரிக்குப் பாட்டன். பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டினால் புத்தகமும் லேகியமும் கடிகாரமும் இந்த வழியில்தான் ஊர் ஊராகப் போயிருக்கின்றன. வி.பி.பி.யை வாங்காமல் திருப்புகிற ஆசாமிகள் அப்போதும் இருந்தார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்துவைத்த பத்திரிகைகள் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. தமிழ்த் துறையில் அதைப் புரட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு வணிகவியல் ஆய்வாளர் அவர்களோடு போய் உட்கார்ந்தால், 'நம்பிக்கை' என்று நாம் கட்டம் போட்டு அளக்கிற சமாச்சாரம் நூறு வருடமாக எப்படிக் காசாக மாறியிருக்கிறது என்று எழுதலாம். போகிற போக்கில் சொல்கிறேன், யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

நாம் என்ன செய்கிறோம்? 1989இல் ஃப்ரெட் டேவிஸ் ஒரு மாதிரியைச் சொன்னார். ஒரு தொழில்நுட்பம் பயனுள்ளது என்றும் எளிது என்றும் ஒருவருக்குத் தோன்றினால் அதை ஏற்றுக்கொள்வார் என்பது அதன் சாரம். அலுவலகத்தில் ஊழியர்கள் கணினியை ஏற்கிறார்களா என்று பார்க்க அவர் செய்த கருவி. நல்ல கருவிதான். அதை எடுத்துச் சிலவற்றை ஒட்டி, சிலவற்றை வெட்டி, மாவட்டத்துக்கு 120 பேர் என்று முப்பது வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த 120 பேர் யார்? பெரும்பாலும் நம் மாணவர்கள், மாணவர்களின் அண்ணன் அக்காக்கள். கிரான்பாக் ஆல்ஃபா 0.7க்கு மேல் வரவில்லையென்றால் ஒரு கேள்வியைக் கழற்றுவோம், வந்துவிட்டால் நம்பகமானது என்று எழுதுவோம். நானும் கழற்றியிருக்கிறேன். கடைசி அத்தியாயத்தில், வாடிக்கையாளர் பாதுகாப்பான கட்டண முறையை விரும்புகிறார் என்று 'கண்டறிவோம்'. பாதுகாப்பில்லாத கட்டண முறையை விரும்புகிறவர் யாராவது உண்டா?

மனம் என்ன நினைக்கிறது என்று கேட்பதை இழிவாகச் சொல்லவில்லை. அதை மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பதுதான் நோய். வணிகம் என்பது விலை, நாள், எடை, கழிவு, திருப்பம். எண்ணக்கூடிய சரக்கு. எண்ணாமல் விட்டுவிட்டு எண்ணத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

எண்ணியவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். இணையத்தில் புத்தகமும் சி.டி.யும் விற்கத் தொடங்கிய புதிதில், அமெரிக்காவில் எரிக் பிரின்யோல்ஃப்சன், மைக்கேல் ஸ்மித் என்ற இருவர் ஒரு காரியம் செய்தார்கள். 41 கடைகளில், இணையக் கடையும் தெருக்கடையும் கலந்து, ஒரே புத்தகம் ஒரே சி.டி. என்ன விலை என்று 15 மாதம் குறித்தார்கள். 8,500க்கும் மேற்பட்ட விலைக்குறிப்புகள். 2000இல் கட்டுரை வந்தது. இணையத்தில் விலை குறைவு, ஆனாலும் கடைக்குக் கடை விலை வேறுபாடு ஒழியவில்லை என்று காட்டியது. இணையம் வந்தால் எல்லாக் கடையும் ஒரே விலைக்கு வந்துவிடும் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். இதற்கு என்ன ஆய்வகம் வேண்டும்? நோட்டும் பொறுமையும்.

அதைவிட நமக்குக் கிட்டத்தில் நடந்தது கேரளக் கடற்கரைச் சேதி. ராபர்ட் ஜென்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு மாவட்டங்களில் 15 கடற்கரைச் சந்தைகளில் 1996 முதல் 2001 வரை வாராவாரம் மத்தி மீன் விலையைக் குறிக்க வைத்தார். 300 படகுகள். 1997 ஜனவரி 14 காலை வடகரையில் பதினோரு மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கடலில் கொட்டத் தயாராக நின்றார்கள். அதே நேரம் 15 கிலோமீட்டருக்குள் இருந்த இரண்டு கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பிறகு செல்போன் கோபுரம் ஒவ்வொரு மாவட்டமாக வந்தது. வர வர, கரைக்குக் கரை விலை வேறுபாடு சுருங்கியது, கொட்டுவது நின்றது, மீனவருக்கு லாபம் கூடியது, வாங்குபவருக்கு விலை குறைந்தது. 2007இல் அது கட்டுரையாக வந்தபோது உலகமே படித்தது.

இதில் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். கோபுரம் வருமுன்னே அவர் எண்ணத் தொடங்கிவிட்டார். வந்த பிறகு எண்ணியிருந்தால் அந்தக் கட்டுரையே இல்லை. அந்தக் கரைக்கு அரை நாள் ரயில் பயணத்தில் எத்தனை வணிகவியல் துறைகள் இருந்தன! மத்தி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

நாம் தவறவிட்ட கோபுரங்களைச் சொல்கிறேன். ஜி.எஸ்.டி. வந்தபோது, இணையத் தளத்தின் வழியாகப் பொருள் விற்பவர் எவ்வளவு சின்னவராக இருந்தாலும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2017 சட்டத்தின் 24ஆம் பிரிவு சொன்னது. தெருவில் கடை வைத்திருந்தால் விற்பனை வரம்பைத் தாண்டும்வரை பதிவு வேண்டாம். அதே ஆள் தளத்தில் ஒரு துண்டு விற்றாலும் வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் இது தளர்ந்தது. வரம்புக்குள் இருப்பவர் பதிவில்லாமலே, ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கி, தளத்தில் விற்கலாம். ஒரு நிபந்தனை: மாநிலத்துக்குள் மட்டும். அதாவது ஓசூரில் இருக்கும் சின்ன வியாபாரி கன்னியாகுமரிக்கு அனுப்பலாம், கூப்பிடு தூரத்துப் பெங்களூருக்கு அனுப்பக்கூடாது.

ஆய்வாளனுக்குத் தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்தது மாதிரி. ஒரு தேதி, ஒரு எல்லைக்கோடு. அதற்கு முன்னும் பின்னும், கோட்டுக்கு இப்புறமும் அப்புறமும். அந்தச் செப்டம்பரில் ஐம்பது சின்ன விற்பனையாளர்களின் மாதக் கணக்கு ஒரு துறையிடம் இருந்திருந்தால், அக்டோபருக்குப் பிறகு என்ன மாறியது என்று நாட்டுக்கே சொல்லியிருக்கலாம். 2022 ஏப்ரலில் ஓ.என்.டி.சி. என்ற திறந்த வலையமைப்பை முதலில் வெள்ளோட்டம் விட்ட ஐந்து நகரங்களில் கோவையும் ஒன்று. அன்று கோவைக் கடைத்தெருவில் எண்ணத் தொடங்கிய துறை எது? நான் கேட்ட நண்பர்கள் எல்லாரும் அந்த மாதம் நாக் தரமதிப்பீட்டுக் குழுவின் வருகைக்குக் கோப்பு தைத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, இளம்பிள்ளைக்குத் திரும்புவோம். பதினேழாவது கேள்வியில் அவள் பேனா ஏன் நின்றது? தளத்திலிருந்து அவளுக்கு வரும் செட்டில்மெண்ட் தாளை ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். வரவு செலவு 31 வருடம் கற்பித்த எனக்கே தலை சுற்றியது. விற்ற விலையிலிருந்து கமிஷன், நிலைக் கட்டணம், அனுப்புகூலி, அவற்றின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. பிறகு தளமே பிடித்து அரசுக்குக் கட்டும் இரண்டு வரிகள். ஜி.எஸ்.டி.யில் பிடிக்கும் டி.சி.எஸ். 1 சதவீதமாக இருந்து 2024 ஜூலையில் 0.5 ஆனது. வருமான வரியில் பிடிக்கும் டி.டி.எஸ். அதே வருடம் அக்டோபரில் 1 சதவீதத்திலிருந்து 0.1 ஆனது. இந்த இரண்டும் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும் காசு, செலவு அல்ல. ஆனால் அதுவரை முடங்கிக் கிடக்கும். அவள் அதைச் செலவென்றே நினைத்திருந்தாள்.

இதற்கு மேல்தான் வேடிக்கை. இந்த வாரம் வரும் பணத்தில் போன மாதம் விற்றுத் திரும்பிய சேலையின் கழிவும் சேர்ந்திருக்கும். விளம்பரத்துக்குப் பிடித்தது வேறு தாளில். பார்சல் உறை, டேப், லேபிள் ரோல் எந்தத் தாளிலும் இல்லை. பிரித்து உடுத்திப் பார்த்துத் திருப்பிய சேலையில் மஞ்சள் கறை இருந்தால் அதைப் புதிதென்று விற்க முடியாது, அது தள்ளுபடிக் கூடைக்குப் போகும். அந்த நட்டம் அவள் மனதில் மட்டும் இருக்கிறது. இரவு பதினோரு மணிவரை லேபிள் ஒட்டும் அவளுடைய நேரத்துக்கு மனதிலும் இடமில்லை.

"பேங்க்ல வர்றது ஒண்ணுங்க மாமா, கையில நிக்கிறது ஒண்ணு" என்றாள்.

ஒரு சேலையின் உண்மையான லாபம் தெரிய அவளுக்கு இரண்டு மாதம் ஆகிறது, அதுவும் உட்கார்ந்து பார்த்தால். 'தோணுறதைப் போடுங்கக்கா' என்ற பதிலில் நம் துறையின் முப்பது வருட ஆய்வுமுறை அடங்கியிருக்கிறது. அவள் 'உடன்படுகிறேன்' என்று ஒரு டிக் போட்டிருந்தால், அது மென்பொருளுக்குள் 4 என்ற எண்ணாகப் போய், சராசரி ஆகி, ஒரு பரிந்துரையாகி, மேற்கோளாகி ஊர் சுற்றியிருக்கும்.

ஆய்வுத் திறனை வளர்ப்பது என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கணினி மையம், விலையுள்ள மென்பொருள், புரிந்துணர்வு ஒப்பந்தம், ஒருநாள் பன்னாட்டுக் கருத்தரங்கு. பன்னாடு என்பது மலேசியாவிலிருந்து ஒருவர் ஜூம் வழியாக வாழ்த்துவது. பை, சாப்பாடு, குரூப் போட்டோ, ஐ.எஸ்.பி.என். எண் போட்ட தொகுப்பு. நானும் நான்கு நடத்தியிருக்கிறேன், அதில் ஒன்றின் பை இன்னும் காய்கறி வாங்க உழைக்கிறது.

ஸ்லோவேனியாவில் பிளெட் என்று ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். 1988 முதல் அங்கே வருடம் தவறாமல் மின்வணிக ஆய்வாளர்கள் கூடுகிறார்கள். நடத்துவது மாரிபோர் பல்கலைக்கழகம். தொடங்கியபோது ஸ்லோவேனியா தனி நாடுகூட இல்லை, யுகோஸ்லாவியாவில் ஒரு பகுதி. மின்வணிகம் என்ற பேச்சே பரவாத காலம். நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே பில்லையும் ஆர்டரையும் கணினி வழி அனுப்புவது பற்றிப் பேசத்தான் கூடினார்கள். நாடு உடைந்தது, இணையம் வந்தது, கூட்டம் மட்டும் நிற்கவில்லை. போன வருடம் சொன்னதை இந்த வருடம் அதே ஆட்கள் முன்னால் மறுபடி சொல்லி, உதை வாங்கி, திருத்தி எழுதினார்கள். திறன் அப்படித்தான் ஊறியது. எங்கோ ஒரு தலைநகரத்தில், பெரிய பணத்தில் அல்ல.

என் யோசனை இதுதான். ஒரு துறை ஒரு ஊரைத் தத்தெடுக்கட்டும், ஒரு பொருளை எடுக்கட்டும், பத்து வருடம் எண்ணட்டும். ஆய்வாளர்கள் வருவார்கள், பட்டம் வாங்கிப் போவார்கள். நோட்டு துறையிலேயே இருக்கட்டும். இப்போது ஒவ்வொரு ஆய்வாளரும் தன் தரவைப் பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அடுத்தவர் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார். என் எட்டு மாணவர்களின் கேள்வித்தாள்களும் எங்கே என்று கேட்டால், பழைய பேப்பர் கடையில் என்பதுதான் நேர்மையான பதில்.

சிவகாசிப் பக்கத்துக் கல்லூரிகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மின்வணிகத் தளங்களில் பட்டாசு விற்கத் தடை போட்டது. இன்று பட்டாசுக் கடைகளின் இணையப் பக்கங்களைப் பாருங்கள். நீதிமன்ற உத்தரவுப்படி இணைய விற்பனை இல்லை, வேண்டியதைக் குறித்து என்கொயரி அனுப்புங்கள், நாங்கள் கூப்பிடுகிறோம் என்று அடியில் எழுதியிருக்கும். மேலே கூடைப் படம், விலைப்பட்டியல், தள்ளுபடி எல்லாம் இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டுக் குதிரையை ஓட்டுகிற இந்த ஏற்பாட்டில் பணம் எப்படிப் போகிறது, சரக்கு எந்த லாரி ஆபீசில் இறங்குகிறது, ஏமாந்தவர் எங்கே புகார் கொடுக்கிறார்? சட்டத் துறையும் வணிகவியல் துறையும் சேர்ந்து உட்கார வேண்டிய வேலை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கும் மதுரைச் சுங்குடிக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தக் குறியீட்டை இணையத்தில் யார் மதிக்கிறார்கள், போலி எவ்வளவு, அசலுக்கு எவ்வளவு கூடுதல் விலை கிடைக்கிறது என்று மாதம் ஒரு நாள் தளங்களில் விலை குறித்தாலே போதும். ஒரு இளங்கலை வகுப்பு செய்யும்.

தனியாக நம்மால் ஆகாது என்பதையும் ஒப்புக்கொள்வோம். நமக்குப் பேரேடு தெரியும், விலைப்பட்டியலைத் தானாக இறக்கும் நிரல் எழுதத் தெரியாது. அடுத்த கட்டிடத்தில் கணினித் துறை இருக்கிறது. அவர்களுக்கு நிரல் தெரியும், எதை இறக்குவது என்று தெரியாது. புள்ளியியல்காரர் ஒருவர் இருந்தால், 120 பேரை எப்படி எடுத்தீர்கள் என்று முதல் நாளே கேட்டு நம் மானத்தைக் காப்பாற்றுவார். வேறு துறையிலிருந்து இணை நெறியாளர் வைத்துக்கொள்ள யு.ஜி.சி.யின் 2022 விதி இடம் தருகிறது. அதே விதியில் எம்.ஃபில். போய்விட்டது. முறையியல் பழகிக்கொள்ள இருந்த ஒரு வருடம் போனதால், மிஞ்சியிருப்பது குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் ஒர்க். அதில் ஒரு பகுதியாவது, ஒரு விற்பனையாளரின் செட்டில்மெண்ட் தாளை வரி விடாமல் படித்து ஒரு சேலையின் லாபத்தைக் கண்டுபிடிப்பதாக இருக்கட்டும். மென்பொருளுக்குப் பணமில்லை என்ற சாக்கும் வேண்டாம். 'ஆர்' இலவசம், பைத்தான் இலவசம்.

ஒரு எச்சரிக்கை. பார்சல் லேபிளில் பெயர், வீட்டு விலாசம், போன் நம்பர் இருக்கிறது. சேலை வாங்கிய பெண்ணுக்கு நாம் அதைப் படிக்கிறோம் என்று தெரியாது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது; சட்டம் வராவிட்டாலும் இது மரியாதை. நானும் அவளும் நோட்டில் பெயரையும் நம்பரையும் எடுத்துவிட்டோம், பின்கோடின் முதல் மூன்று இலக்கம் மட்டும் வைத்துக்கொண்டோம். எந்தப் பக்கத்துப் பார்சல் என்று தெரிய அது போதும். விற்பனையாளருக்கும் பயம் உண்டு: கணக்கைக் காட்டினால் வரிக்காரரிடம் போய்விடுமோ, பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரிந்துவிடுமோ என்று. என் தங்கை மகள் மாமா என்பதால் காட்டினாள். உங்களுக்குக் காட்ட ஒரு வருடம் போய்வந்து பழக வேண்டியிருக்கும். முடிவை அவர்களுக்குத் தமிழில், ஒரு பக்கத்தில், திருப்பிக் கொடுத்தால் அந்தக் கதவு இரண்டாம் வருடமும் திறந்திருக்கும். 250 பக்க ஆங்கில ஆய்வேட்டை எந்த விற்பனையாளரும் படித்ததில்லை. ஆங்கிலத்தில் எழுதிய நெறியாளரே முழுதாகப் படித்தாரா என்பது வேறு விஷயம்.

பத்து வருடம் யாருக்கு இருக்கிறது, மூன்று வருடத்தில் பட்டம், ஆறு மாதத்துக்கு ஒரு பேப்பர், பதவி உயர்வுக்குப் புள்ளி என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022இல் எடுத்துவிட்டது. ஆய்விதழ்களின் கேர் பட்டியலையும் 2025இல் கைவிட்டுவிட்டது. கயிறு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்தக் கயிற்றால் மறுபடி கட்டக்கூடும், அதற்குள் ஒரு துறையாவது தொடங்கிவிட்டால் நல்லது. மூன்று வருட ஆய்வாளர் பத்து வருட நோட்டில் தன் மூன்று வருடத்தை எழுதிவிட்டுப் போகட்டும். முன்னால் இருந்த ஏழு வருடம் அவருக்கு இலவசம். முதல் ஆளுக்குத்தான் கஷ்டம்.

எண்ணினால் நாம் விரும்பும் விடை வரும் என்ற உத்தரவாதமும் கிடையாது. சீனாவில் மூன்று மாகாணக் கிராமங்களில் மின்வணிக மையம் திறந்ததன் பலனை அளந்த ஆய்வு 2021இல் வந்தது. கிராமத்தில் விளைவிப்பவருக்கும் செய்பவருக்கும் வருமானம் சொல்லும்படி கூடவில்லை, வாங்குகிறவர்களில் ஒரு சிறு பகுதிக்குத்தான் விலையில் லாபம் என்றது. இளம்பிள்ளையிலும் அப்படி வரலாம். என் தங்கை மகளிடம் அதைச் சொல்லும் தைரியத்தையும் நான் சேர்த்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது நாற்பது பக்க நோட்டுக்கு வந்திருக்கிறோம். தேதி, பின்கோடின் மூன்று இலக்கம், கேஷா முன்பணமா, விலை, எத்தனை நாளில் போனது, அறிக்கையில் சொன்ன காரணம், போனில் சொன்ன காரணம். கடைசி இரண்டு பத்தியும் ஒத்துப்போகிற வரிகள் குறைவு. யாருக்கு வேண்டுமோ நகல் தருகிறேன். நேரில் வருபவர்கள் புதன்கிழமை வாருங்கள், அன்றுதான் செட்டில்மெண்ட் வரும். கேள்வித்தாள் வேண்டாம், கால்குலேட்டர் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற வணிகவியல் ஆசிரியர் ஒருவர்

பின்குறிப்பு: இதை எழுதி முடித்த மறுநாள் அந்தப் பையன் என் தங்கை மகளுக்குப் போன் செய்தான்; நானும் அங்கேதான் இருந்தேன். "அக்கா, பதினேழாவது கேள்விக்கு டிக் இல்லாம இருக்கு. காலியா விட்டா ஷீட்டே செல்லாதுன்னு சார் சொல்றாரு. நானே ஒண்ணு போட்டுக்கவா?" அவள் போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் வாங்கி, புதன்கிழமை மத்தியானம் வர முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்றான். கணக்குப் பார்க்க என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எவ்வளவு நேரம் ஆகும் சார்?" என்றான்.